ஓஆர்எஸ் பாக்கெட் ரிவியூ: ஸ்டார் போடுறதுக்கு முன்னாடி யூரின் வருதான்னு பாருங்க

ஓஆர்எஸ் பவுடருக்கு ஆன்லைன்ல வர்ற ஒத்த ஸ்டார் ரிவியூ எல்லாம் எடுத்து படிச்சு பாருங்க, திரும்ப திரும்ப ஒரே புகார்தான் இருக்கும், "குடிச்சேன், லூஸ் மோஷன் நிக்கவே இல்ல, வேஸ்ட்". அடுத்தது "டேஸ்ட் சகிக்கல". ரெண்டும் பொய்யில்ல. ஆனா லூஸ் மோஷன நிறுத்துறேன்னு இந்த பாக்கெட் எந்த காலத்துலயும் சொன்னதே இல்லயே. வயித்தால போறப்ப உடம்புலேர்ந்து வெளிய போற தண்ணியையும் உப்பையும் திரும்ப உள்ள கொண்டு வர்றதுதான் அதோட ஒரே வேலை, அந்த வேலைய ஒழுங்கா செஞ்சுதா இல்லையான்னு பாக்கணும்னா மோஷன எண்ணி பிரயோஜனமில்ல, யூரின பாக்கணும். எவ்ளோ நேரத்துக்கு ஒரு தடவ வருது, எவ்ளோ வருது, என்ன கலர்ல வருது.

அதனால இந்த ரிவியூ முழுக்க அந்த கணக்குலதான். பிராண்ட் பேர் எதுவும் சொல்லப்போறதில்ல, ஏன்னா உலக சுகாதார நிறுவனத்தோட ஃபார்முலான்னு போட்ட பாக்கெட் எந்த கம்பெனி போட்டாலும் உள்ள இருக்கிற சரக்கு ஒண்ணுதான், ஃப்ளேவர் மட்டும்தான் மாறும்.

முதல்ல ஏன் யூரின் குறையுதுன்னு. சாதாரண நாள்லயே நம்ம குடலுக்குள்ள ஒரு நாளைக்கு 8, 9 லிட்டர் தண்ணி வந்து போகுது, நாம குடிக்கிறது ஒரு 2 லிட்டர்தான், மிச்சம் எல்லாம் எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடலே சுரக்கிறது. இவ்ளோத்தையும் குடல் திரும்ப உறிஞ்சிடும், கடைசில மலத்தோட வெளிய போறது 100, 200 மில்லிதான். இப்ப அந்த உறிஞ்சுற வேலை கெட்டுப்போனாலோ, இல்ல கிருமியோட விஷத்தால குடல் கூடுதலா சுரக்க ஆரம்பிச்சாலோ எவ்ளோ தண்ணி வெளிய போகும்னு யோசிச்சு பாருங்க. காலரா முத்துனா பெரியவங்களுக்கு மணிக்கு 1 லிட்டர் வரைக்கும் கூட போகும்.

தண்ணி குறைஞ்சா ரத்தத்தோட அளவு குறையும், அத உடனே மோப்பம் பிடிக்கிறது கிட்னியும் மூளையும்தான். மூளைலேர்ந்து ஏடிஎச்னு ஒரு ஹார்மோன் வரும், கிட்னி பக்கம் ரெனின், ஆல்டோஸ்டிரோன்னு இன்னொரு செட் கிளம்பும், எல்லாருக்கும் ஒரே ஆர்டர்தான், தண்ணிய விடாத, உப்ப விடாத. வருமானம் நின்னுபோன வீட்டுல செலவ சுருக்குற மாதிரி கிட்னி யூரின சுருக்குது. அதனால யூரின் கம்மியாகி கலர் அடர்த்தியாகுறது முதல் கட்டத்துல கிட்னி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, கிட்னி நல்லா வேலை பாக்குதுன்னுதான் அர்த்தம். ஆனா சுருக்குறதுக்கும் ஒரு எல்லை இருக்கு. உடம்புல தினமும் சேர்ற கழிவ வெளிய தள்ள, எவ்ளோதான் கெட்டியாக்குனாலும் ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட அரை லிட்டர் யூரின் போயே ஆகணும். அதனாலதான் பெரியவங்களுக்கு 24 மணி நேரத்துல 400 மில்லிக்கு கீழ போனா டாக்டருங்க சீரியஸா எடுத்துக்குறாங்க. ஆஸ்பத்திரில இன்னும் கறாரா, ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லின்னு கணக்கு, அதாவது 60 கிலோ இருக்கிறவருக்கு மணிக்கு 30 மில்லி. கைக்குழந்தைக்கு அது கிலோவுக்கு 1 மில்லி.

சரி இப்ப பாக்கெட்டுக்கு வருவோம். 1 லிட்டருக்கான பாக்கெட்ல 20.5 கிராம் பவுடர், அதுல குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு அதாவது சாதாரண உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். அவ்ளோதான். இத பாத்துட்டு "வெறும் சக்கரையும் உப்பும்தானே, இதுக்கு எதுக்கு காசு"ன்னு எழுதுனவங்களும் உண்டு. அந்த விகிதத்துலதான் விஷயமே இருக்கு. குடல் சுவர்ல ஒரு கேட் மாதிரி புரதம் இருக்கு, எஸ்ஜிஎல்டி1னு பேரு, அது ஒரு குளுக்கோஸ உள்ள விடணும்னா கூடவே ரெண்டு சோடியத்தையும் சேத்துதான் இழுக்கும், சோடியம் உள்ள போனா பின்னாடியே தண்ணியும் போயிடும். காலரா மாதிரி விஷம் குடல படாதபாடு படுத்தும்போதும் இந்த ஒரு வழி மட்டும் அடைபடாது. வெறும் தண்ணி குடிச்சா இந்த வழி திறக்காது, சக்கர ஜாஸ்தியான எதையாவது குடிச்சா அந்த சக்கரையே குடலுக்குள்ள தண்ணிய இழுத்து மோஷன இன்னும் அதிகமாக்கும். குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துதான் உள்ள போகுதுன்னு ராபர்ட் கிரேன்னு ஒரு விஞ்ஞானி சொன்னது 1960ல. 1968ல டாக்கால டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ்னு ரெண்டு டாக்டருங்க காலரா நோயாளிகளுக்கு வாய் வழியாவே குடுத்து வேலை செய்யுதுன்னு காமிச்சாங்க. 1971 வங்கதேச போர் நேரத்துல அகதி முகாம்ல டிரிப்ஸ் பாட்டில் தீந்துபோனப்ப திலீப் மஹலனாபிஸ்னு ஒரு டாக்டர் இத டிரம்முல கலக்கி வச்சு சொந்தக்காரங்க கையாலயே குடிக்க குடுக்க வச்சாரு, 30 சதவீதம் வரைக்கும் போயிட்டிருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழ வந்துச்சு. ஒத்த ஸ்டார் குடுக்குறவங்களுக்காகத்தான் இந்த வரலாறு.

இன்னொண்ணு கவனிக்க வேண்டியது, பழைய ஃபார்முலா வேற, இப்ப இருக்கிறது வேற. பழசுல மொத்த ஆஸ்மோலாரிட்டி, அதாவது தண்ணில கரைஞ்சிருக்கிற உப்பு சக்கரையோட மொத்த செறிவு, 311, 2002க்கு அப்புறம் வந்ததுல 245. சோடியம் லிட்டருக்கு 90 மில்லிமோல்லேர்ந்து 75க்கு, குளுக்கோஸ் 111லேர்ந்து 75க்கு குறைச்சாங்க. புதுசுல மோஷனோட அளவு 20 சதவீதம் பக்கம், வாந்தி 30 சதவீதம் பக்கம் பழசவிட குறையுதுன்னும், டிரிப்ஸ் போடவேண்டிய தேவை மூணுல ஒரு பங்கு குறையுதுன்னும் பாத்துதான் மாத்துனாங்க. வாங்குறப்ப கவர் பின்னாடி 245ங்கிற நம்பர் இருக்கான்னு பாருங்க, நான் அது இல்லாத பாக்கெட்ட எடுக்குறதில்ல.

டேஸ்ட் பத்தி. ஆமா நல்லா இருக்காது. லேசான உப்பு, லேசான இனிப்பு, முடிவுல ஒரு மாதிரி சோப்பு தண்ணி ஃபீல், அது சிட்ரேட்டால. ஆரஞ்சு ஃப்ளேவர் கொஞ்சம் பரவால்ல, குழந்தைங்க குடிக்கும். ஆனா கண்ணீர விட உப்பா இருந்துச்சுன்னா கலக்குனதுல கோளாறு, அத கொட்டிட்டு புதுசா கலக்குங்க. உடம்புல தண்ணி நெஜமாவே குறைஞ்சிருக்கிறவங்களுக்கு இது அவ்ளோ மோசமா தெரியாது, நல்லா இருக்கும்போது ருசி பாத்துட்டு குறை சொல்றவங்கதான் ஜாஸ்தி.

பேக்கிங்ல எனக்கு கடுமையான புகார் இருக்கு. 1 லிட்டர் பாக்கெட்டும் 200 மில்லி பாக்கெட்டும் ஒரே கலர்ல, ஒரே டிசைன்ல, அளவு மட்டும் மூலைல பொடி எழுத்துல. 1 லிட்டர் பாக்கெட்ட ஒரு டம்ளர்ல கொட்டி கலக்குனா என்ன ஆகும்? சோடியம் பல மடங்கு ஏறிடும், குழந்தைக்கு அது ஆபத்து, ரத்தத்துல சோடியம் ஏறுனா வலிப்பு வரைக்கும் போகும். "கொஞ்சமா தேவைப்படும்போது கொஞ்சமா போட்டுக்கலாம்"னு பாக்கெட்ட பிரிச்சு ஸ்பூன் கணக்குல போடுறதும் வேண்டாம், பவுடருக்குள்ள உப்பும் குளுக்கோஸும் சரிசமமா கலந்திருக்கும்னு நம்ப முடியாது. முழு பாக்கெட், அதுல போட்டிருக்கிற முழு அளவு தண்ணி, அதுவும் சுத்தமான தண்ணி, தண்ணிய கொதிக்க வச்சா ஆறுனப்புறம் கலக்கணும், கலந்தத திரும்ப சூடு பண்ணக்கூடாது, சக்கர சேக்கக்கூடாது, பால்லயோ ஜூஸ்லயோ கலக்கக்கூடாது, 24 மணி நேரம் ஆனா மிச்சத்த கொட்டிடணும். இவ்ளோ முக்கியமான விஷயத்த பெருசா அச்சடிக்காம முன்பக்கம் முழுக்க பழப்படம் போட்டு வச்சிருக்காங்க, இதுக்கு நான் மார்க் குறைப்பேன்.

எவ்ளோ குடிக்கணும்னா, 2 வயசுக்கு கீழ இருக்கிற குழந்தைக்கு ஒவ்வொரு லூஸ் மோஷனுக்கு அப்புறமும் 50லேர்ந்து 100 மில்லி, 2லேர்ந்து 10 வயசு வரை 100லேர்ந்து 200, அதுக்கு மேல தாகம் தீர எவ்ளோ முடியுமோ அவ்ளோ. ஏற்கனவே கண்ணு குழிவிழுந்து, தோல கிள்ளுனா மெதுவா போய் படியுற அளவுக்கு வந்துட்டா கணக்கு வேற, கிலோவுக்கு 75 மில்லி வீதம் 4 மணி நேரத்துல, அத யாராவது மெடிக்கல் ஆளுங்க பக்கத்துல இருந்து பாக்குறதுதான் நல்லது. வாந்தி வருதுன்னு நிறுத்திடுறாங்க பாருங்க, அது தேவையில்ல, 10 நிமிஷம் விட்டுட்டு ஸ்பூன் ஸ்பூனா ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவ குடுத்தா பெரும்பாலும் தங்கிடும். மடக்கு மடக்குன்னு ஒரே மூச்சுல குடிச்சா யாருக்குத்தான் வராது. தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு தாய்ப்பால் தொடரணும், அது கூட சேத்துதான் இது.

குடிச்ச உடனே யூரின் வந்துடாது, இத யாரும் சொல்றதில்ல. முதல்ல ரத்தத்தோட அளவு நிரம்பணும், அப்புறம்தான் கிட்னி பிடிய தளத்தும். சில மணி நேரம் ஆகும். வாய் ஈரமாகும், ஆள் கொஞ்சம் தெளிவாவாங்க, நாடித்துடிப்பு இறங்கும், அதுக்கு பின்னாடிதான் ஒண்ணுக்கு வரும், முதல்ல கொஞ்சமா டார்க்கா, அடுத்தடுத்து கலர் தெளிஞ்சு. எங்க வீட்டுல தங்கச்சி பொண்ணுக்கு அப்படித்தான் வந்துச்சு, டயப்பர் நனைஞ்சது தெரிஞ்சதும் அவ அம்மா முகத்த பாக்கணுமே.

டயப்பர்ல ஒரு சிக்கல் இருக்கு, தண்ணியா போற மோஷனும் யூரினும் ஒண்ணா கலந்துடும், யூரின் வந்துச்சா வரலையான்னே தெரியாது. டயப்பரோட முன்பக்கத்துல ஒரு பஞ்சோ டிஷ்யூவோ வச்சு பாக்கலாம், பெண் குழந்தைக்கு அதுவும் சரியா வராது. பெரியவங்களுக்கும் இதே கதைதான், டாய்லெட்ல உக்காந்து தண்ணியா போறப்ப கூடவே ஒண்ணுக்கும் போயிடுது, வெளிய வந்து "காலைலேர்ந்து யூரினே போகல டாக்டர்"னு சொல்றாங்க. ரொம்ப பயமா இருந்தா ஒரு பழைய பாட்டில்ல அளந்து பாருங்க, கூச்சம் ஒண்ணும் இல்ல.

மத்ததோட கம்பேர் பண்ணணும்னா. ரெடிமேட் பாட்டில்ல, அட்டைல வர்ற எலக்ட்ரோலைட் டிரிங்க் வசதிதான், ஆனா நெறைய பிராண்ட்ல சோடியம் தேவையான அளவுல பாதி கூட இல்ல, சக்கர மட்டும் தாராளம். ஸ்போர்ட்ஸ் டிரிங்க் வேர்வைக்காக செஞ்சது, வயித்தால போறதுக்கு இல்ல. சோடா, கூல் டிரிங்க்ஸ் பேச்சே வேண்டாம். வெறும் தண்ணி மட்டும் குடம் குடமா குடிச்சா தாகம் அடங்கும், ஆனா உப்பு வராது, ரத்தத்துல சோடியம் இறங்கி ஆள் குழம்பிப் போவாங்க. லேசான லூஸ் மோஷன், நல்லா சாப்பிட்டுட்டு இருக்கிற பெரியவர்னா எத குடிச்சாலும் சமாளிச்சுடுவாரு, ஆனா யூரின் குறையுற அளவுக்கு வந்துட்டா ஃபார்முலா பாக்கெட் தவிர மத்தது எல்லாம் எனக்கு ரெண்டாம் பட்சம்.

இப்ப இந்த பாக்கெட்டால முடியாத இடம், இதுதான் நான் எழுத வந்ததே. ஒழுங்கா கலக்கி ஒழுங்கா குடிச்சும் யூரின் வரலைன்னா "பவுடர் டூப்ளிகேட்"னு ரிவியூ போடாதீங்க, காரணம் வேற எங்கயோ இருக்கு.

எங்க அப்பாவுக்கு அப்படி ஆச்சு. மோஷன் குறைஞ்சிடுச்சு, பாட்டில் பாட்டிலா ஓஆர்எஸ் குடிக்கிறாரு, யூரின் மட்டும் பேருக்கு கொஞ்சூண்டு. டாக்டர் முதல்ல கேட்டது என்ன மாத்திர சாப்பிடுறீங்கன்னுதான். பிரஷருக்கு டெல்மிசார்டன், கூடவே யூரின அதிகமாக்குற தண்ணி மாத்திர, முட்டி வலிக்கு டைக்ளோஃபினாக். இந்த மூணும் சேந்தா கிட்னிக்கு எமன்னு அவரு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, நாங்க சிரிக்கல. விஷயம் என்னன்னா, ரத்த அளவு குறையும்போது கிட்னி தன்னோட வடிகட்டிக்கு பிரஷர காப்பாத்திக்க ரெண்டு தந்திரம் பண்ணும், உள்ள வர்ற ரத்தக்குழாய விரிக்கும், வெளிய போறத சுருக்கும். டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், நாப்ராக்ஸென் மாதிரி வலி மாத்திர முதல் தந்திரத்த தடுக்கும். ராமிப்ரில், எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகை ரெண்டாவத தடுக்கும். ஃப்ரூசமைட் மாதிரி தண்ணி மாத்திர இருக்கிற கொஞ்ச தண்ணியையும் வெளிய தள்ளும். நல்லா இருக்கிற நாள்ல இதுங்க பிரஷருக்கும் இதயத்துக்கும் ரொம்ப நல்ல மாத்திர, வயித்தால போற நாள்லதான் வம்பு. அதனால நிறைய டாக்டருங்க வாந்தி பேதி இருக்கிற வரைக்கும் சிலத நிறுத்தி வைக்க சொல்லுவாங்க, நல்லா சாப்பிட ஆரம்பிச்சதும் திரும்ப போட சொல்லுவாங்க. நீங்களா நிறுத்தாதீங்க, ஆனா போன் போட்டாவது கேளுங்க. அப்பாவுக்கு ரத்தத்துல கிரியாட்டினின், அதாவது கிட்னி வெளிய தள்ள வேண்டிய கழிவு, ஏறியிருந்துச்சு, டிரிப்ஸ் போட்டு மாத்திரைய நிறுத்துனதும் இறங்கிடுச்சு. இறங்காம ரொம்ப நேரம் ரத்தம் போதாம இருந்திருந்தா கிட்னிக்குள்ள இருக்கிற குழாய் செல்லுங்க செத்துப்போயிடும், அதுக்கப்புறம் எவ்ளோ தண்ணி குடுத்தாலும் யூரின் உடனே வராது, உடம்பு வீங்கும், சில பேருக்கு கொஞ்ச நாளைக்கு டயாலிசிஸ் வரைக்கும் போகும். அந்த கட்டத்துல "இன்னும் குடி இன்னும் குடி"ன்னு ஓஆர்எஸ் ஊத்துறது தப்பு, அதுல இருக்கிற பொட்டாசியமும் உடம்புல தங்கும்.

சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுறவங்க கதை இன்னும் கொஞ்சம் சுத்து. அதுவே லூஸ் மோஷன் குடுக்கும், கிட்னி மந்தமானா அதே மாத்திர உடம்புல தேங்கி ரத்தத்துல அமிலம் ஏத்தும். டாபாகுளிஃப்ளோசின், எம்பாகுளிஃப்ளோசின் வகையோ வேற மாதிரி வம்பு, அது யூரின் வழியா சக்கரைய வெளிய தள்ளுற மாத்திர, அதனால உடம்பு வத்திப்போயிருந்தாலும் யூரின் நல்லாவே போயிட்டிருக்கும், ஆக "யூரின் வருது, பிரச்சனை இல்ல"ங்கிற என்னோட கணக்கு இவங்ககிட்ட எடுபடாது. தண்ணி மாத்திர போடுறவங்க, சுகர் கன்னாபின்னான்னு ஏறி இருக்கிறவங்களுக்கும் இதேதான். இவங்களுக்கு நாக்கு, தலைசுத்தல், எடை, எந்திரிச்சு நின்னா கண்ணு இருட்டுதா, இதத்தான் பாக்கணும். ஓஆர்எஸ்ல குளுக்கோஸ் இருக்கேன்னு சுகர்காரங்க பயந்து ஒதுக்கவும் வேண்டாம், லிட்டருக்கு 13.5 கிராம்தான், சுகர செக் பண்ணிக்கிட்டே குடிக்கலாம்.

அடுத்து பலபேர் குழப்பிக்கிற விஷயம். யூரின் உற்பத்தி ஆகாம இருக்கிறது வேற, உற்பத்தியாகி மூத்திரப்பையில தேங்கி வெளிய வராம இருக்கிறது வேற. வயித்து முறுக்கலுக்கு போடுற டைசைக்ளோமின், ஹையோசின் மாத்திர, மோஷன நிறுத்த போடுற லோப்பரமைடு, இதுங்களால யூரின் அடைச்சுக்குறது உண்டு, அதுவும் புராஸ்டேட் வீங்கின வயசானவங்களுக்கு. அடிவயிறு கல்லு மாதிரி வீங்கி, போகணும் போகணும்னு முட்டுது, ஆனா சொட்டு சொட்டாத்தான் வருதுன்னா அது வறட்சி இல்ல, அடைப்பு. இதுக்கு மேல மேல ஓஆர்எஸ் குடிச்சா வலிதான் கூடும், டியூப் போட்டு எடுக்கணும். வறட்சியால குறைஞ்சிருந்தா அந்த முட்டல் இருக்காது, போகணும்னே தோணாது. இந்த ஒரு வித்தியாசம் தெரிஞ்சாலே பாதி குழப்பம் தீந்துடும்.

குழந்தைங்க விஷயத்துல எனக்கு ரொம்ப பயம் குடுக்கிறது ரத்தம் கலந்த மோஷன். ஈ.கோலைல விஷம் சுரக்கிற ஒரு வகை இருக்கு, ஓ157 எச்7னு பேரு, அது வந்தா முதல்ல ரத்த பேதி, ஒரு வாரம் பக்கம் ஆகி மோஷன் சரியாகுற மாதிரி இருக்கும்போது குழந்தை வெளிறி, சோர்ந்து, யூரின் குறைய ஆரம்பிக்கும். எச்யூஎஸ்னு சொல்லுவாங்க, சிவப்பணு உடையும், பிளேட்லெட் இறங்கும், கிட்னியோட சின்ன ரத்தக்குழாய் எல்லாம் அடைபடும். 5 வயசுக்கு கீழதான் ஜாஸ்தி, ஆனா பெரியவங்களையும் விடாது, 2011ல ஜெர்மனில பரவுன இன்னொரு வகைல எச்யூஎஸ் வந்தவங்க 800 பேருக்கு மேல, அதுல பெரும்பாலானவங்க பெரியவங்கதான். ரத்தமா போகும்போது லோப்பரமைடு குடுக்கக்கூடாதுன்னு சொல்றதும், வீட்டுல மிச்சம் இருக்கிற ஆன்டிபயாட்டிக்க எடுத்து நீங்களா போடாதீங்கன்னு சொல்றதும் இதுக்காகத்தான், ரெண்டும் இத இன்னும் மோசமாக்கலாம். மோஷன் நின்னுடுச்சுன்னு ரிலாக்ஸ் ஆகாம அதுக்கப்புறம் வர்ற கொஞ்ச நாளைக்கும் யூரின் மேல ஒரு கண்ணு இருக்கணும்.

மத்த காரணங்கள வேகமா சொல்லிடுறேன். கிருமி ரத்தத்துல கலந்து பிரஷர் இறங்குற செப்சிஸ்ல லூஸ் மோஷனும் வரும் யூரினும் குறையும், குளிர் காய்ச்சல், உளறல், வேக வேகமா மூச்சு இருந்தா அதுதான் முதல் சந்தேகம். எலிக்காய்ச்சல், முத்துன மலேரியா, ரெண்டுலயும் வயித்தால போகலாம், கிட்னியும் அடிபடலாம். நீளமா ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவங்களுக்கு குடல்ல சி.டிஃபிசில் கிருமி வளந்து நாள் கணக்குல தண்ணியா போகும். ஏற்கனவே கிட்னி கெட்டிருக்கிறவங்களுக்கு ரத்தத்துல யூரியாங்கிற கழிவு ஏறுனதாலயே வாந்தியும் லூஸ் மோஷனும் வரலாம், அதாவது நாம வயிறுதான் காரணம்னு நினைச்சுட்டு இருப்போம், உண்மையில கிட்னிதான் வயித்த கெடுத்திருக்கும்.

கலர் பாத்து முடிவு பண்றவங்களுக்கு ஒண்ணு, பி காம்ப்ளக்ஸ் மாத்திர போட்டா தண்ணி நல்லா இருந்தாலும் பளிச்சுனு மஞ்சளா வரும், டிபிக்கு போடுற ரிஃபாம்பிசின் ஆரஞ்சாக்கும், அதுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். கோலா கலர்ல, டீ டிகாஷன் கலர்ல வந்தா அது வேற, அன்னைக்கே காமிங்க.

பாக்கெட்ட கீழ வச்சுட்டு கிளம்ப வேண்டிய நேரம் எதுன்னா, கைக்குழந்தை 6 மணி நேரத்துக்கு மேல டயப்பர நனைக்கலன்னா, பெரிய குழந்தையோ பெரியவங்களோ 12 மணி நேரமா யூரின் போகலன்னா, குடிச்சது எதுவுமே தங்கலன்னா, அழுதா கண்ணீர் வரலன்னா, கூப்பிட்டா முழிக்காம மயங்கி மயங்கி தூங்குனா, கை கால் சில்லுனு ஆச்சுன்னா, மோஷன்ல ரத்தம் வந்தா. இதுல ஒண்ணு இருந்தாலே போதும். அங்க போனா யூரியா, கிரியாட்டினின், சோடியம் பொட்டாசியம் பாப்பாங்க, வயித்துல ஸ்கேன் வச்சு பை நிரம்பியிருக்கான்னு பாப்பாங்க, வறட்சி கடுமையா இருந்தா ரிங்கர் லாக்டேட் டிரிப்ஸ், அதுவும் வாய்ல குடிக்கிற நிலைக்கு வந்ததும் திரும்ப இதே பாக்கெட்டுக்குத்தான் மாத்துவாங்க.

யாருக்கு குடுக்கக்கூடாதுன்னா, சுயநினைவு சரியில்லாதவங்களுக்கு வாய்ல ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்ல போயிடும். வயிறு உப்பி குடல் அசைவே நின்னுபோச்சுன்னாலும் கூடாது. டயாலிசிஸ்ல இருக்கிறவங்க, ஹார்ட் ஃபெயிலியருக்கு தண்ணி அளந்து குடிக்கிறவங்க டாக்டர் சொல்ற அளவுல மட்டும்.

ரேட்டிங்: 5க்கு நாலரை. அரை ஸ்டார் குறைச்சது முழுக்க அந்த பொடி எழுத்துக்கும் பழப்படத்துக்கும்தான், உள்ள இருக்கிற பவுடர்ல எனக்கு ஒரு குறையும் இல்ல. குழந்தைக்கு வாங்குறவங்க கூடவே ஜிங்க்கும் கேட்டு வாங்குங்க, 6 மாசத்துக்கு கீழ தினம் 10 மில்லிகிராம், அதுக்கு மேல 20, 10லேர்ந்து 14 நாள் வரைக்கும், மோஷன் நின்னாலும் கோர்ஸ முடிக்கணும். பாக்கெட் நமத்துப்போய் கட்டியா இருந்தாலோ பழுப்பு கலர் ஆகியிருந்தாலோ எக்ஸ்பைரி தேதி பாக்கி இருந்தாலும் தூக்கி போட்டுட்டு புதுசு எடுங்க.